குரூஸ் பயணத்தில் டால்பினோடு நீந்தலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரீபியன் பக்கம் குரூஸ் போகிறவர்கள் கரைச் சுற்றுலா பட்டியலைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு டால்பின் படம் கண்ணில் படும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் சில மணி நேரத்துக்குள் போய்வரலாம், குழந்தைகளுக்கும் பிடிக்கும் என்பதால் பலர் யோசிக்காமல் பதிவு செய்துவிடுகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்விகளும், கட்டிய பிறகு வருகிற கேள்விகளும் இங்கே கலந்தே இருக்கின்றன.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடைப்புக்குள் வைத்திருக்கும் டால்பினோடு நீந்துவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஏன் என்பதையும், அதே துறைமுகங்களில் வேறு என்ன செய்யலாம் என்பதையும் விவரமாகவே எழுதியிருக்கிறேன். போவது என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்குத் தேவையான தகவலும் உண்டு.

டால்பினோடு நீந்துவது என்றால் திறந்த கடலிலா?

பெரும்பாலும் இல்லை. விளம்பரப் படத்தில் நீலக் கடல்தான் தெரியும். ஆனால் குரூஸ் பயணிகளுக்கு விற்கப்படும் நிகழ்ச்சிகளில் அநேகமாக எல்லாமே அடைப்புக்குள் நடப்பவை. அடைப்பு இரண்டு விதம். ஒன்று கான்கிரீட் குளம். இன்னொன்று, கரையோரத்திலோ உப்பங்கழியிலோ வலையும் தூண்களும் நட்டுத் தடுத்த கடல் அடைப்பு. மெக்சிகோவின் கோசுமெல், பஹாமாஸின் தலைநகர் நசாவ் (Nassau) அருகே இருக்கும் புளூ லகூன் தீவு, ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸ், ஹோண்டுராஸின் ரோவட்டான், கிராண்ட் கேமன் ஆகிய இடங்களில் பயணிகள் பார்ப்பது பயிற்சி கொடுத்து அடைப்பில் வளர்க்கப்படும் டால்பின்களைத்தான்.

மூன்றாவது விதமும் இருக்கிறது. படகில் போய், கடலில் தன்பாட்டுக்குத் திரியும் டால்பின்களுக்குப் பக்கத்தில் இறங்குவது. பஹாமாஸின் பிமினி, போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகள், நியூசிலாந்தின் அக்கரோவா போன்ற சில இடங்களில் இது நடக்கிறது. இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: டால்பினுக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்றால் அதனால் விலகிப் போய்விட முடியுமா? கீழே எழுதியிருப்பதில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலிருந்து வருபவைதான்.

அடைப்பில் நடக்கும் நிகழ்ச்சி எப்படி இருக்கும்?

துறைமுகத்திலிருந்து வேனிலோ படகிலோ கூட்டிப்போவார்கள். முதலில் ஒரு கையெழுத்துப் படிவம்: விபத்து நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பில்லை என்பதுதான் அதன் சாரம். கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துவிடுங்கள். அப்புறம் லாக்கரில் பொருட்களை வைத்துவிட்டு, லைஃப் ஜாக்கெட் போட்டு, சிறு சிறு குழுவாகப் பிரிவார்கள்.

நிகழ்ச்சிகள் பொதுவாக இரண்டு தரத்தில் இருக்கும். குறைந்த கட்டணத்தில் இருப்பது ‘சந்திப்பு’. தண்ணீருக்குள் போட்டிருக்கும் மேடையில் இடுப்பளவு ஆழத்தில் வரிசையாக நிற்பீர்கள். டால்பின் ஒவ்வொருவர் முன்னாலும் வரும், தொடலாம், ‘முத்தம்’ வாங்கலாம். அதிகக் கட்டணத்தில் இருப்பது ‘நீச்சல்’. துடுப்பைப் பிடித்துக்கொண்டு இழுபடுவது, அல்லது இரண்டு டால்பின்கள் உங்கள் உள்ளங்காலில் மூக்கை வைத்துத் தள்ளிக்கொண்டே போவது. பெயரில் நீச்சல் இருந்தாலும் நீங்கள் நீந்துவது மிகக் குறைவு. தண்ணீரில் இருக்கும் நேரம் அரை மணி, அதிகம் போனால் முக்கால் மணி. அதிலும் உங்கள் முறை வரும்வரை காத்திருப்பதே அதிகம். நபருக்கு நூறு அமெரிக்க டாலருக்கு மேல் என்பது சாதாரணம்.

தொட்டால் எப்படி இருக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். தோலுரித்த அவித்த முட்டை மாதிரி, ஆனால் கொஞ்சம் இறுக்கமாக. மேல்தோல் ஓரிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருப்பதால்தான் அந்த வழவழப்பு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள். பயிற்சியாளர் இடுப்பிலோ மேடை ஓரத்திலோ ஐஸ் போட்ட மீன் வாளி இருக்கும். அவர் கையால் ஒரு சைகை காட்டுவார். டால்பின் அதைச் செய்யும். அந்தக் கணமே ஊதல் ஒலிக்கும். உடனே ஒரு மீன் வாய்க்குள் விழும். சைகை, செயல், ஊதல், மீன். முத்தமும் இப்படித்தான் வருகிறது, கையசைப்பும் இப்படித்தான் வருகிறது. அந்த மீன் பெரும்பாலும் உறைய வைத்து உருக்கியது. உறையும்போது மீனில் உள்ள தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்துவிடுவதால், மீனின் செவுளுக்குள் வைட்டமின் மாத்திரையைச் செருகிக் கொடுப்பார்கள்.

நீச்சல் தெரியாது. போகலாமா? குழந்தைகள், கர்ப்பிணிகள்?

லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்பதால் சந்திப்பு நிகழ்ச்சிக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை. தள்ளும், இழுக்கும் வகைகளுக்கு ஆழமான தண்ணீரில் பயமில்லாமல் மிதக்கத் தெரிந்திருக்க வேண்டும். வயது, உயர வரம்பு இடத்துக்கு இடம் மாறும். கர்ப்பிணிகள் இழுபடும் வகையைத் தவிர்க்க வேண்டும். பல இடங்களில் தண்ணீருக்குள்ளேயே அனுமதிப்பதில்லை.

டால்பின் கடிக்குமா, மோதுமா?

கடிக்கும், மோதும். இதை யாரும் பிரசுரத்தில் போடுவதில்லை. இந்த நிகழ்ச்சிகளில் இருப்பது பெரும்பாலும் பாட்டில்மூக்கு டால்பின். நன்கு வளர்ந்தது 2 முதல் 4 மீட்டர் நீளம் இருக்கும். எடை 200 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். வாயில் 80 முதல் 100 பற்கள், எல்லாம் கூம்பு வடிவில். டால்பின்கள் தங்களுக்குள் சண்டை போடும்போது பற்களால் உரசிக் கீறுகின்றன. அடுத்தடுத்து இணையாக ஓடும் அந்தக் கோடுகளை முதுகிலும் துடுப்பு ஓரத்திலும் நீங்களே பார்க்கலாம்.

மனிதருக்குப் பெரிய காயம் நேர்வது அரிது. ஆனால் எரிச்சலாக இருக்கிற, அல்லது இன்னொரு டால்பினிடமிருந்து தப்பி வருகிற 200 கிலோ விலங்கு விலாவில் இடித்தால் எலும்பு உடையும். அது வேண்டுமென்றே செய்ததா என்பது விலா எலும்புக்கு முக்கியமில்லை. மேல்மூச்சுத் துளை, கண், வாய்ப் பக்கம் கை கொண்டுபோகாதீர்கள். வாயை அடிக்கடி ‘டப்’ என்று மூடித் திறந்தாலோ, தலையை வேகமாக ஆட்டினாலோ, வாலால் தண்ணீரை ஓங்கி அறைந்தாலோ அதற்குப் பொறுமை போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடனே கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

ஆனால் சிரித்துக்கொண்டே இருக்கிறதே? பிடித்துத்தானே செய்கிறது?

அது சிரிப்பு இல்லை. தாடை அமைப்பு அப்படி. முகத்தை மாற்றிக் காட்டும் தசைகள் நமக்கு இருப்பதுபோல் டால்பினுக்கு இல்லை. வலித்தாலும், நோயில் கிடந்தாலும், செத்துக் கரை ஒதுங்கினாலும்கூட வாயோரம் மேல்நோக்கித்தான் வளைந்திருக்கும். இந்தத் தொழில் முழுக்க அந்த வளைவின் மேல்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

முகத்தை விட்டுவிட்டு வாழ்க்கையைப் பாருங்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் சரசோட்டா விரிகுடாவில் 1970ஆம் ஆண்டிலிருந்து ஒரே டால்பின் சமூகத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். உலகத்திலேயே மிக நீண்டகாலமாக நடக்கும் டால்பின் ஆய்வு அதுதான். அங்கே தெரிய வந்தவை: குட்டி தாயோடு பல ஆண்டுகள் கூடவே திரிகிறது. ஆண்கள் இரண்டிரண்டாகக் கூட்டுச் சேர்ந்து, அந்தக் கூட்டை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுகின்றன. பெண் டால்பின்கள் அறுபது வயதைத் தாண்டியும் வாழ்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் ஒன்றின் சீழ்க்கையை இன்னொன்று திருப்பி ஒலித்துக் கூப்பிடுகிறது. அந்தச் சமூகம் புழங்கும் பரப்பு நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். பெர்முடாவைச் சுற்றிய ஆழ்கடலில் இதே இனம் 500 மீட்டருக்கும் கீழே முக்குளித்து இரை தேடுகிறது.

இப்படி ஒரு விலங்குக்கு, நாளுக்குப் பல முறை முன்பின் தெரியாத மனிதர்கள் வரிசையில் நிற்க, யாரோடு சேர்ந்திருப்பது என்பதைக்கூட வேறொருவர் முடிவு செய்யும் இடத்தில், ‘பிடிக்கிறதா’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? பயிற்சியாளர்களில் பலர் தங்கள் டால்பின்கள் மேல் உண்மையாகவே உயிரை வைத்திருப்பவர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுடைய அன்பால் அந்த வலையைப் பெரிதாக்க முடியாது.

கான்கிரீட் குளம் இல்லை, கடல் அடைப்பு. அப்போது பரவாயில்லையா?

குளத்தைவிட மேல். ஓடும் தண்ணீர், அலை, வலைக்குள் வந்துபோகும் சின்ன மீன்கள், மாறும் வெளிச்சம் எல்லாம் இருக்கும். கடிக்கவோ தோண்டவோ ஏதாவது கிடைக்கும். ஆனால் ஆழமும் அகலமும் அதே குறுகலில்தான். புயல் காலத்தில் இன்னொரு ஆபத்தும் சேரும். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. புயல் கரையைத் தாக்கும்போது கடலுக்குள் இறங்கிப் போகவும் முடியாமல், வலை கிழிந்தால் திரும்பி வரவும் தெரியாமல் மாட்டிக்கொள்வது அடைப்பில் உள்ளவைதான். கப்பல்களின் இரைச்சலும் துறைமுகக் கழிவும் வந்தால் அவற்றுக்கு ஒதுங்க இடமில்லை.

இங்கேயே பிறந்தவை என்கிறார்களே. கடலில் விட்டால் பிழைக்காதாமே?

இரண்டும் பல டால்பின்களைப் பொறுத்தவரை உண்மை. அடைப்பில் பிறந்த டால்பினை ஒரே நாளில் கடலில் விடுவது கொலைக்குச் சமம்; அப்படி விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்பது வேறு: இனி இனப்பெருக்கம் செய்ய வைக்காதீர்கள், இருப்பவற்றை நிகழ்ச்சி இல்லாத பெரிய கடல் அடைப்புகளில் வயது முடியும்வரை பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் விற்கும்வரை புதிய குட்டிகள் தேவைப்படும். நாம் கொடுக்கும் நூறு டாலர் போய்ச் சேருமிடம் அதுதான்.

எல்லாமே அங்கே பிறந்தவையும் அல்ல. கரீபியன் நிகழ்ச்சிகளுக்குக் கியூபாவின் கடலில் பிடித்த டால்பின்கள் பல ஆண்டுகள் போய்க்கொண்டிருந்தன. 2003இல் பசிபிக்கின் சாலமன் தீவுகளில் பிடித்த 28 டால்பின்களை விமானத்தில் ஏற்றி மெக்சிகோவின் கான்கூனுக்குக் கொண்டுபோனார்கள். அது உலகமெங்கும் எதிர்ப்பைக் கிளப்பியது. ஆகவே ‘எங்கே பிறந்தது, தாய் எங்கே பிடிபட்டது’ என்று கேளுங்கள். நேரான பதில் வருகிறதா என்று பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு வேறு, மாறிக்கொண்டும் இருக்கிறது. கோஸ்டா ரிகாவும் சிலியும் 2005இலேயே டால்பின், திமிங்கிலங்களை அடைத்து வைப்பதைத் தடை செய்தன. இந்தியா 2013இல் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது. கனடா 2019இல் சட்டம் கொண்டுவந்தது, பிரான்ஸ் 2021இல்.

குரூஸ் பயணிகளுக்கு மிகவும் முக்கியமானது மெக்சிகோ. 2025 ஜூனில் அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் டால்பின் காட்சிகளையும் அவற்றுக்கான இனப்பெருக்கத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றின. ஒரு ஹோட்டல் காட்சியில் குளத்துக்கு வெளியே விழுந்து அடிபட்ட டால்பினின் பெயரால் அதை ‘மின்சோ சட்டம்’ என்று அழைக்கிறார்கள். அதனால் கோசுமெல், கோஸ்டா மாயா போன்ற துறைமுகங்களுக்குப் போகிறவர்கள் பழைய அனுபவக் குறிப்புகளை நம்பிப் பதிவு செய்யாதீர்கள்.

கப்பல் நிறுவனமே விற்கிறது. அவர்கள் சரிபார்த்திருப்பார்களே?

காப்பீடு, பாதுகாப்பு, நேரம் தவறாமை ஆகியவற்றைப் பார்த்திருப்பார்கள். டால்பினின் வாழ்க்கை அந்தப் பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. பயணத் துறையிலேயே சிலர் விலகிவிட்டார்கள். அடைப்பில் இனப்பெருக்கம் செய்கிற, அல்லது வெளியிலிருந்து டால்பின்களை வாங்குகிற இடங்களுக்கு டிக்கெட் விற்பதில்லை என்று டிரிப்அட்வைசர் 2019இல் அறிவித்தது. எக்ஸ்பீடியா 2021இல் அடைப்பு டால்பின் நிகழ்ச்சிகளை எடுத்துவிட்டது. பெரிய குரூஸ் நிறுவனங்கள் பலவற்றின் பட்டியலில் இன்னும் இருக்கிறது.

கப்பல் வழியாகப் பதிவு செய்வதா, வெளியில் பதிவு செய்வதா?

எந்தக் கரைச் சுற்றுலாவுக்கும் பொருந்துகிற விஷயம் இது. கப்பல் விற்ற சுற்றுலாவில் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை அவர்கள் ஏற்பார்கள். வெளியில் பதிவு செய்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. சிறிய, நல்ல படகுக்காரர்கள் பெரும்பாலும் வெளியில்தான் கிடைப்பார்கள் என்பதால், கப்பல் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னால் திரும்பிவிடுகிற பயணமாகப் பாருங்கள்.

கடிகாரத்தில் ஏமாறாதீர்கள். கோசுமெல் இருக்கும் குயின்டானா ரூ மாநிலம் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் இருக்கும். புளோரிடா கோடையில் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். மயாமியில் ஏறிய கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் வைத்திருந்தால், கரையில் மூன்று மணி என்றால் கப்பலில் நான்கு. கிராண்ட் கேமன் போன்ற இடங்களில் கப்பல் கரைக்கு வராது. டெண்டர் எனப்படும் சிறு படகில் கரைக்குப் போய்வர வேண்டும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

திறந்த கடலில் திரியும் டால்பின்களோடு நீந்துவது அப்போது நல்லதுதானே?

இடத்தைப் பொறுத்தது. இங்கேயும் கெடுதல் செய்ய முடியும்.

ஹவாயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சுழல் டால்பின்கள் இரவு முழுக்க ஆழ்கடலில் இரை தேடிவிட்டு, பகலில் ஆழமில்லாத வெள்ளை மணல் விரிகுடாக்களுக்கு வந்து ஓய்வெடுப்பவை. டால்பின் தூங்கும்போது மூளையின் பாதி விழித்தே இருக்கும், நீந்திக்கொண்டே இருக்கும். அதனால் பார்க்கிறவருக்கு அது ஓய்வு என்றே தெரியாது. காலை நேரப் படகுகள் சரியாக அந்த ஓய்வுக்குள் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. 2021இல் அமெரிக்க அரசு, கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை அந்த டால்பின்களை 50 கஜத்துக்குள் நெருங்குவதையும் அவற்றோடு நீந்துவதையும் தடை செய்தது. நியூசிலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதியில் பாட்டில்மூக்கு டால்பின்களின் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனதால் 2019இல் அங்கே நீச்சல் பயணங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அதே நாட்டின் அக்கரோவாவில், ஒன்றரை மீட்டர் நீளம்கூட வராத ஹெக்டர் டால்பின்களோடு, உரிமம் பெற்ற படகில் போய் நீந்தலாம். அசோர்ஸிலும் உரிமம் பெற்ற படகுகளுக்கு மட்டும் அனுமதி.

உணவு போட்டுப் பழக்குவது எல்லாவற்றிலும் மோசம். ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில், மனிதர் தரும் மீனுக்காகக் கரைக்கு வந்து பழகிய தாய்களின் குட்டிகள் அதிகமாக இறந்ததைப் பார்த்துத்தான் கட்டுப்பாடுகளை இறுக்கினார்கள்.

நல்ல படகுக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பதிவுக்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் போதும். உரிமம் இருக்கிறதா? கூட்டத்தில் குட்டி இருந்தால் இறக்குவீர்களா? ஒரே நேரத்தில் எத்தனை பேரை இறக்குவீர்கள்? நீந்த முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ‘கட்டாயம் நீந்தலாம், உத்தரவாதம்’ என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். டால்பினின் சம்மதத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறவர் துரத்தித்தான் காட்டுவார்.

நல்ல ஓட்டுநர் கூட்டத்துக்குக் குறுக்கே போகமாட்டார். பக்கவாட்டில், மெதுவான வேகத்தில், அவை போகும் திசையிலேயே போவார். அவை திரும்பிப் போனால் அவரும் விட்டுவிடுவார். தண்ணீரில் இறங்கினால் கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு மிதந்தால் போதும். துரத்தி நீந்தினால் அவை இரண்டு வாலடியில் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆர்வம் வந்தால் அவையே வரும்: ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கண்ணால் உங்களை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே சுற்றிவரும். தலைக்குள் ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம் கேட்கும். அது எதிரொலியால் உங்களை அளந்து பார்ப்பது. சில நொடிதான். அடைப்பில் காசு கொடுத்து வாங்கும் அரை மணியை இதோடு ஒப்பிடவே எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகளுக்கு டால்பின் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். வேறென்ன செய்யலாம்?

படகில் போய்ப் பாருங்கள். தண்ணீரில் இறங்காமல், படகின் முன்னலையில் சவாரி செய்யும் டால்பின்களை மேலிருந்து குனிந்து பார்ப்பதே குழந்தைகளுக்குப் போதும். டொமினிக்கா தீவில் எண்ணெய்த் திமிங்கிலங்களைப் படகிலிருந்து பார்க்கலாம். டொமினிக்கன் குடியரசின் சமனா விரிகுடாவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி போட வருகின்றன. கோசுமெல், ரோவட்டான் பவளப்பாறைகளில் ஸ்நார்கெல் என்ற மூச்சுக்குழாயைப் போட்டு மிதந்தால் ஆமையும் கிளிமீனும் பார்க்கலாம். கிராண்ட் கேமனின் ஸ்டிங்ரே சிட்டி பிரபலம்தான். அங்குள்ள திருக்கை மீன்கள் அடைபட்டவை அல்ல, ஆனால் இரை போட்டுத்தான் வரவழைக்கிறார்கள். அதனால் அதை நான் அரை மனதோடுதான் சொல்கிறேன்.

சன்ஸ்கிரீன், நகை, கேமரா?

மோதிரம், வளையல், வாட்ச், தோடு எல்லாவற்றையும் கப்பலிலேயே விட்டுவிடுங்கள். தோல் கீறும், கழன்று விழுந்தால் டால்பின் விழுங்கிவிடும். சன்ஸ்கிரீனைக் குறைத்து, முழுக்கைச் சட்டை மாதிரி நீச்சல் உடை போடுவது நல்லது. ஹவாயிலும் அமெரிக்க வர்ஜின் தீவுகளிலும் பவளத்துக்குக் கேடான ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தடை உண்டு. அடைப்பு நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் சொந்தக் கேமராவை விடமாட்டார்கள்; படத்தை அவர்களிடமே வாங்க வேண்டும், விலை கையைக் கடிக்கும்.

ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது.

கப்பல் வழியாகப் பதிவு செய்த கரைச் சுற்றுலாக்களைக் குறிப்பிட்ட கெடுவுக்குள் ரத்து செய்தால் பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்கும். கெடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில நேரம் கப்பல் ஏறிய பிறகுகூட, கரைச் சுற்றுலா மேசையில் சொல்லி வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். ரத்து செய்யும்போது காரணத்தை எழுத்தில் கொடுங்கள். ‘அடைப்பில் வைத்த டால்பின் என்பதால் வேண்டாம்’ என்று ஒரு வரி போதும். ‘நேரமில்லை’ என்று சொன்னால் அடுத்த பருவத்துக்கு அதே நிகழ்ச்சியை வேறு நேரத்தில் வைப்பார்கள். அப்படியே, திறந்த கடலில் டால்பின் பார்க்கிற படகு இருக்கிறதா என்றும் அந்த மேசையில் கேட்டுவிடுங்கள்.